ஒரு பக்கம் தேய்த்த குடுவை

வாங்க, உள்ள வாங்க. செருப்பைக் கழட்டாதீங்க, போட்டுக்கிட்டே வாங்க. குன்னூர்ல கார்த்திகை மாசத்துத் தரையில வெறுங்காலை வெச்சா ராத்திரி பூரா கெண்டைக்கால் இழுக்கும். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. டீ போடறேன். இப்பெல்லாம் நான்தான் போடறது.

கண்ணு பெட்டி மேலயே இருக்குதே! இருக்கட்டும், இருக்கட்டும். அதுக்குத்தானே சென்னையிலருந்து இம்புட்டு தூரம் வந்தீங்க. திறக்கறேன். அதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் சொல்லிப்போடறேன். ஒண்ணு, அந்த உள்ளறையில எங்க ஊட்டுக்காரி படுத்திருக்கறா. கருணாம்பாள்னு பேரு. பக்கவாதம் வந்து ஒரு வருசம் எட்டு மாசம் ஆச்சு. பேச்சு வராது. ஆனா காது நல்லாக் கேக்கும், புத்தி தெளிவா இருக்குது, டாக்டரே சொல்லிட்டாரு. அதனால நான் மெதுவாத்தான் பேசுவேன், நீங்க கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளுங்க. ரெண்டாவது, பெட்டியை உங்களுக்குத் தந்துடறேன், அதுல மாத்தம் இல்ல. ஆனா நீங்க எனக்கு ஒரு காரியம் பண்ணோணும். அஞ்சு நிமிசம் ஆகும். அது என்னன்னு கடைசியில சொல்றேன். இப்பவே சொன்னா எந்திரிச்சுப் போயிருவீங்க. முந்தி ஒருத்தர் அப்படித்தான் போனாரு.

இந்தாங்க, பாருங்க. சீமை மரம், மூலைக்கு மூலை பித்தளை. உள்ள பச்சைத் துணி. பச்சைன்னு இப்பச் சொல்ல முடியாது, பழுப்பாயிருச்சு. சாமானைத் தூக்கிப் பாத்தீங்கன்னா அதுக்கு அடியில மட்டும் அந்தக் காலத்துப் பச்சை அப்படியே இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அறை. இது ரிவால்வர். இது ஈயக்குண்டு வாக்கற அச்சு. எண்ணெய்க் குப்பி. காம்பு கழட்டற சாவி. இந்தத் தகர டப்பாவுல செப்புத் தொப்பி. இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கெடையாது, ஒவ்வொரு ஓட்டையிலயும் வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வெச்சு இடிச்சு, பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற சின்னக் குழாய்க் காம்புல தொப்பி மாட்டோணும். தீவாளிக்குப் பசங்க பொட்டு வெடி அடிக்கறாங்கல்ல, அந்தக் கணக்குத்தான். இப்பச் சுடாது. காம்பு ஆறையும் அடைச்சு, ஸ்டேசன்ல காட்டி எழுதி வாங்கி வெச்சிருக்கறேன். அட, உங்களுக்குத் தெரியாததா! வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிப்போச்சு.

அந்தக் காலி அறையா? கேப்பீங்கன்னு தெரியும். மருந்துக் குடுவைக்கான அறை அது. குடுவை இருக்குது, என் கோட்டுப் பையில இருக்குது. காட்டறேன். அதைப் பத்தித்தான் பேச்சே.

நான் எஸ்டேட்டுல முப்பத்துநாலு வருசம் ஸ்டோர் கீப்பர். எதெது எங்கெங்க இருக்கோணுமோ அதது அங்கங்க இருக்கோணும், அதுதான் என் பொழப்பு. எஸ்டேட்டு கைமாறினப்ப தொரை பங்களாச் சாமானையெல்லாம் ஏலம் போட்டாங்க. மேசை, கட்டில், பியானோ எல்லாத்துக்கும் ஆள் இருந்துச்சு. இந்தப் பெட்டியை யாரும் சீந்தல. மூடி பிளந்து கெடந்துச்சு, குடுவை அறை காலி. நான் தோள்ல தூக்கிட்டு வந்தேன். கருணாம்பாள் பாத்துட்டு, "ஏனுங்க மாமா, ஏலத்துல எல்லாரும் கட்டில் எடுத்தாங்க, நீங்க உடைஞ்ச பொட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கறீங்க"ன்னு சிரிச்சா. எனக்குக் கண்ணு பூரா அந்தக் காலி அறையில.

துணியில அச்சு விழுந்திருந்துச்சு பாருங்க, பேரிக்காய் மாதிரி. மேல கழுத்து சன்னமா, கீழ வயிறு. அந்த அச்சுக்குப் பொருந்தற குடுவை வேணும். சும்மா ஏதோ ஒண்ணு வேண்டாம், அதே காலத்து, அதே அளவுக் குடுவை. காகிதத்துல அச்சை வெட்டிப் பர்ஸுக்குள்ள வெச்சுக்கிட்டு ஒம்பது வருசம் அலைஞ்சேன். ஊட்டி, கோத்தகிரி, மைசூரு, குடகு. பதினோரு குடுவை வாங்குனேன், பதினொண்ணும் பொருந்தல. அந்த அலமாரியில கெடக்குது. கடைசியில எங்க கெடைச்சுதுங்கறீங்க? இங்க, வெல்லிங்டன்ல, அந்தோணிசாமி சலூன்ல! அவரு அதுக்குள்ள முகப்பவுடரைப் போட்டு வெச்சிருந்தாரு. சவரம் முடிஞ்சதும் அந்த விசையை ஒரு அமுக்கு, பிடரியில ஒரு உதறு. மருந்து அளந்து கொட்டற குடுவை ஆளுங்க பிடரியில பவுடர் கொட்டிக்கிட்டு இருந்துச்சு.

அவரு குடுக்க மாட்டேன்னுட்டாரு. அப்பன் வெச்சிருந்தது, ராசியானதுன்னாரு. நான் விடல. வாராவாரம் போயி முடி வெட்டிக்கிட்டேன். எனக்குத் தலையில இருந்ததே கொஞ்சம். ரெண்டு வருசம் போனேன். கருணாம்பாள், "எதைத்தான் வெட்டறாரு அவரு"ன்னு கேப்பா. கடைசியில அவருக்கே சலிச்சுப்போச்சு. "எடுத்துட்டுப் போங்க சார், உங்களைப் பாத்தாலே கை நடுங்குது"ன்னு குடுத்துட்டாரு. ஊட்டுக்கு வந்து அந்த அறையில வெச்சேன். கச்சிதமா உக்காந்துச்சு. அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசம், சொன்னா நம்ப மாட்டீங்க, மேகலா பொறந்தப்பக்கூட வரல. மேகலா எங்க பொண்ணு, திருப்பூர்ல இருக்கறா. இதை அப்ப ஊட்டுல சத்தமாவே சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல.

செப்புக் குடுவை, ரெண்டு பக்கமும் ஒரே வேலைப்பாடு. ஒரு வேட்டை நாய், வாயில ஒரு பறவை, சுத்தி இலை. நூத்தெழுவது வருசத்துக் கறுப்பு ஏறியிருந்துச்சு. அந்தக் கறுப்புத்தான் சொத்து, அது போனா மதிப்பே போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். பஞ்சுத் துணியில தூசி தட்டலாம், அவ்வளவுதான். கையெண்ணெய் படப்படாது. தேய்க்கவே படாது. கருணாம்பாள்கிட்டயும் மொத நாளே சொல்லிட்டேன், தொடாதேன்னு. ஏன்னு சொன்னேனான்னா? தொடாதேன்னா தொடாதே, அதுல ஏன்னு ஒரு கேள்வி என்ன வேண்டிக் கெடக்குது. பதினஞ்சு வருசம் தொடல. அறையைக் கூட்டுவா, அலமாரியைத் துடைப்பா, பெட்டிக்கிட்ட மட்டும் கை போகாது.

போன வருசம் பொங்கல். குடகுலருந்து பொன்னப்பான்னு ஒரு பெரியவர் வர்றதா இருந்துச்சு. துப்பாக்கிச் சாமான்ல அவரு சொன்னா சொன்னதுதான். என் பெட்டியைப் பாக்க, அதுவும் முழுசான பெட்டியைப் பாக்க, நேர்ல வர்றாரு! பொங்கல் கழிச்சு மூணாம் நாள். நான் பத்து நாளா அதே பேச்சு. கருணாம்பாளும் கேட்டுக்கிட்டே இருந்தா.

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டற அன்னைக்கு நான் கரும்பு வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தேன். திரும்பி வர்றேன், குழாயடியில உக்காந்திருக்கறா. அண்டா, கொடம், குத்துவிளக்கு, எல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சு வெயில்ல வரிசையாக் கவுத்து வெச்சிருக்கறா. வருசா வருசம் பண்றதுதான். மடியில என் குடுவை.

ஒரு பக்கம் முடிச்சுட்டா. என்னைப் பாத்ததும் தூக்கிக் காட்டறா. "பாருங்க மாமா, நாய் இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்குது"ங்கறா. மொகமெல்லாம் சிரிப்பு. "அந்த அண்ணன் வர்றப்ப இப்படிக் கரியாக் கெடந்தா உங்களைச் சொல்ல மாட்டாரு, என்னைத்தான் சொல்லுவாரு. இது பொம்பளை இருக்கற ஊடுதானான்னு கேப்பாரு"ன்னா.

நான் கரும்பைக் கீழ போட்டேன். அப்பறம் கத்துனேன். என்னென்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல, பக்கத்து ஊட்டு ஜன்னல் திறந்தது ஞாபகம் இருக்குது. கடைசியாச் சொன்னது ஞாபகம் இருக்குது. "இனி உசுரு இருக்கற வரைக்கும் என் சாமான் ஒண்ணையும் உன் கை தொடப்படாது." அவ குடுவையைக் கழுவி, முந்தானையில ஈரத்தை ஒத்தி எடுத்து, படியில வெச்சா. கையைக் கழுவிக்கிட்டா. மிச்சப் பாத்திரத்தைத் தேச்சு முடிச்சா.

அன்னையிலருந்து நான் அவகிட்டப் பேசல.

தை, மாசி, பங்குனின்னு மூணு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மி. பொன்னப்பா வந்தாரு, பாத்தாரு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் எனக்கு இன்னும் ஏறிப்போச்சு. எனக்கு ஏதாவது வேணும்னா திருப்பூருக்குப் போன் போட்டு, மேகலாகிட்டச் சொல்லுவேன், உங்கம்மாகிட்டச் சுடுதண்ணி கேளுன்னு. அவ இவளுக்குப் போன் போடுவா. சமையக்கட்டுல மணி அடிக்கும், எனக்கு இங்க கேக்கும். சுடுதண்ணி வரும். மேகலா ஒரு நாள், "ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு என்னையை ஏம்ப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆக்கறீங்க, வெக்கமா இல்லையா"ன்னா. வெக்கமெல்லாம் இல்ல. நான் பண்ணுனது சரின்னுதான் இருந்தேன். பேசாம இருக்கறது என்ன, அடிச்சனா, வைஞ்சனா?

அவளும் வீம்புக்குக் கொறைச்சல் இல்ல. என் அறைக்குள்ள கூட்ட வர்றதை நிறுத்திட்டா. வாசப்படி வரைக்கும் கூட்டுவா, அங்கயே நின்னுக்குவா. சோறு, காப்பி எல்லாம் நேரத்துக்கு வரும். ஆனா என் மூக்குக் கண்ணாடி கீழ கெடந்தா எடுத்துத் தர மாட்டா. என் பேனா, என் செருப்பு, ஒண்ணும் தொட மாட்டா. என் சாமான்னா துப்பாக்கிச் சாமான்னு எவனுக்கும் புரியும். அவ கண்ணாடியையும் சேத்துக்கிட்டா. என்னத்தைச் சொல்ல.

டீ எடுத்துக்கங்க. சக்கரை கம்மியாத்தான் போட்டேன்.

பங்குனியில ஒரு காலையில இந்த வாசப்படியில வந்து நின்னா. உள்ள வரல. "ஏனுங்க மாமா, இந்தக் கை ஒரு மாதிரி மரமரங்குது"ன்னா. நான் நோட்டுல குடுவை அளவெல்லாம் எழுதிக்கிட்டு இருந்தேன். தலையைத் தூக்கல. கொஞ்ச நேரம் நின்னா, போயிட்டா. மேகலாவுக்குப் போன் போட்டு, உங்கம்மாவுக்குக் கை மரக்குதாம், என்னன்னு கேளுன்னு சொல்லலாம்னு தோணுச்சு. இந்நேரத்துக்கு எந்திரிச்சிருக்க மாட்டா, அப்பறம் போடலாம்னு விட்டுட்டேன். அப்பறம் சமையக்கட்டுல டம்ளர் உழுந்த சத்தம். கோவத்துல போடறான்னு நெனைச்சேன். போடட்டும்னு உக்காந்திருந்தேன். முக்கா மணி நேரம் இருக்கும். காப்பி வரலையேன்னுதான் எந்திரிச்சுப் போனேன்.

டாக்டர் சொன்னாரு, ஒரு மணி நேரம் முந்திக் கொண்டு வந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்னு. ரெண்டு தடவை சொன்னாரு. நான் கேட்டுக்கிட்டேன்.

நான் அழுவலீங்க. மேகலா அழுதா, அவ மாமியார் அழுதாங்க, எனக்கு ஒண்ணும் வரல. இன்னைக்கு வரைக்கும் வரல. சோறாக்கறேன், துணி அலசறேன், நாலு மணி நேரத்துக்கொரு தடவை திருப்பிப் படுக்க வெக்கறேன். கை பாட்டுக்குச் செய்யுது. ஏதாவது தோணோணும் இல்லீங்களா? காலையில கண்ணாடி முன்னாடி நின்னு பாக்கறேன், சவரம் பண்ணிட்டு வந்துடறேன்.

பேசறதா? இப்ப நாள் பூராப் பேசறேன். பேப்பர் படிச்சுக் காட்டறேன், பஜார்ல யாரைப் பாத்தேன்னு சொல்றேன், மழை வருதுன்னு சொல்றேன். சோறு ஊட்டுனா வாங்கிக்குவா. தண்ணி குடிச்சுக்குவா. என் மேல கோவம்னு சொல்ல முடியாது. பேசுனா என் மொகத்தைத்தான் பாக்கறா.

ஷெரின்னு ஒரு பொண்ணு செவ்வாய், வெள்ளி வந்து கைகாலுக்குப் பயிற்சி குடுக்குது. மொதல்ல ரப்பர் பந்து குடுத்துச்சு, பிடிக்கல, உருட்டி விட்டுட்டா. "அங்கிள், ஆன்ட்டி கைக்குப் பழக்கமான வேலையாக் குடுக்கலாம்"னுச்சு. பட்டாணி உரிக்கக் குடுத்தோம், மெதுவா உரிச்சா. இந்த வருசம் பொங்கலுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு செப்பு டம்ளரும் புளியும் எடுத்துக் கையில குடுத்துச்சு. தேச்சா பாருங்க! அந்தத் தளந்த வலது கையால ஒரு மணி நேரம், விடாம. டம்ளர் தீயாட்டம் ஆயிருச்சு. தூக்கிக் காட்டுனா. எனக்கில்ல, ஷெரினுக்கு. வாய் ஒரு பக்கம்தான் போகும், ஆனா சிரிப்புத்தான்.

அன்னைக்குத்தான் எனக்கு இந்தக் குடுவை ஞாபகம் வந்துச்சு. இந்தாங்க, இப்பப் பாருங்க, பையிலருந்து எடுக்கறேன். இந்தப் பக்க நாயைப் பாருங்க. அவ தேச்ச பக்கம். மங்கிப்போச்சு, ஆனாலும் கண்ணு தெரியுதில்ல? இப்பத் திருப்பறேன். இந்தப் பக்க நாய் இருட்டுல கெடக்குது. இந்தப் பக்கத்தையும் அவ தேச்சு முடிச்சுட்டான்னா, அன்னைக்கு நான் வராம இருந்திருந்தா எப்படி இருந்திருக்குமோ, அப்படி ஆயிரும். எனக்கு வேற எதுவும் தோணறதில்ல, இது ஒண்ணுதான் தோணுது. அவ இதைத் தேச்சு முடிக்கோணும். மேகலா என்னைக் கிறுக்குன்னுட்டா.

குடுத்தேன். புளி ஊற வெச்சு, சாம்பல் சலிச்சு, மடியில துணி விரிச்சுக் குடுத்தேன். பாத்தா. விரலை மடக்கிக்கிட்டா. "தொடு அம்மிணி, நாந்தானே சொல்றேன், தொடு"ன்னேன். மடக்குன விரலை விரிக்கல. மறுநாள் குடுத்தேன். அதுக்கு மறுநாள் குடுத்தேன். ஒரு நாள் விரலை நானே ஒவ்வொண்ணாப் பிரிச்சு உள்ளங்கையில வெச்சேன். கையைச் சாச்சுக் கீழ உருட்டி விட்டுட்டா. கழுத்துக்கிட்ட இந்த நெளிவு அப்ப உழுந்ததுதான். எனக்குக் கோவம் வந்திருக்கோணும். வரல. குனிஞ்சு எடுத்துத் தொடைச்சு வெச்சேன்.

மன்னிப்பா? ஷெரினும் அதையேதான் கேக்குது. என்னன்னு கேக்கறதுங்க? நாப்பத்தாறு வருசமா அவகிட்ட அப்படி ஒரு வார்த்தை பேசுனதில்ல. எனக்கு வாயில அது வராது. கட்டில்கிட்டப் போயி நிப்பேன். "பட்டாணி வெல ஏறிப்போச்சு"ன்னு சொல்லிட்டு வந்துருவேன்.

ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சேன். ஷெரின் குடுத்தா டம்ளரைத் தேய்க்கறா. பக்கத்து ஊட்டு அம்மா அவங்க விளக்கைக் குடுத்தாங்க, தேச்சா. என் டம்ளரைக் குடுத்தா விரலை மடக்கறா. என் சட்டைப் பித்தானைக் குடுத்தேன், மடக்குனா. என் சாமான்தான் ஆகாது. உசுரு இருக்கற வரைக்கும்னு சொன்னேன்ல, அதை அப்படியே வெச்சிருக்கறா. கோவத்துல சொன்னதை எவளாவது வேதவாக்கா எடுத்துக்குவாளா? எடுத்துக்கிட்டாளே!

அதனாலதான் உங்க கடுதாசிக்கு வாங்கன்னு பதில் போட்டேன். இந்தக் காகிதத்தைப் படிங்க. பெட்டி, ரிவால்வர், அச்சு, குப்பி, சாவி, டப்பா, குடுவை, இத்தனையும் இன்னையிலருந்து உங்களுதுன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுட்டேன். வெல அப்பறம் பேசிக்கலாம், பேசாட்டியும் பரவால்ல. இனி இது என் சாமான் இல்ல.

இப்ப அந்தக் காரியத்தைச் சொல்றேன். குடுவையை நீங்க எடுத்துட்டு உள்ள போங்க. தட்டுல புளியும் சாம்பலும் வெச்சிருக்கறேன். அவ வலது கைப் பக்கமா முக்காலி இருக்குது, அதுல உக்காந்து, "அம்மா, இது என்னுதுங்க. ஒரு பக்கம் கறுத்துக் கெடக்குது, தேச்சுக் குடுக்கறீங்களா"ன்னு கேளுங்க. இந்த மாதிரியே கேளுங்க. காகிதத்தையும் காட்டுங்க, அவளுக்குப் படிக்கத் தெரியும். என் கையெழுத்துன்னு தெரியோணும்.

தெரியுமுங்க. தேச்சாப் போச்சு. நூத்தெழுவது வருசம் ஒரு உருண்டைப் புளியில போயிரும். சேகரிக்கறவர்கிட்டப் போயி இதைக் கேக்கறேன் பாருங்க! என்கிட்ட எவனாவது கேட்டிருந்தா முறைச்சுட்டு எந்திரிச்சுப் போயிருப்பேன். முந்தி வந்தவரு போனாரு, நான் தடுக்கல. நீங்களும் போறதுன்னாப் போங்க. பெட்டியைத் தூக்கிட்டே போங்க, உங்களுதுதான். குடுவையை மட்டும் அவ கையில ஒரு தடவை குடுத்துட்டுப் போங்க.

எந்திரிச்சுட்டீங்களா. எந்தப் பக்கம் போறீங்க? இந்தப் பக்கமுங்களா? சரி, சரி. மெதுவா, வாசப்படி ஒசரம், பாத்துக் காலை வெயுங்க. நான் வரல. நான் வந்தா மடக்கிக்குவா. கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுக்கறேன். சாம்பல் கொஞ்சம் பெருவெட்டாத்தான் சலிச்சிருக்கறேன், தேச்சா கரகரன்னு இங்க வரைக்கும் கேக்கும். டீ ஆறுனா ஆறட்டும், வேற போட்டுத் தர்றேன்.